அறிவுக்கு வாடகை

2025 ஜனவரி 1 முதல் இந்தியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மத்திய அரசின் ஆய்வகங்களும் வெளிநாட்டு ஆய்விதழ்களை ஒரே சந்தாவில் படிக்கின்றன. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அடங்கும். பயன்பெறும் நிறுவனங்கள் 6,300க்கு மேல். மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என்று சுமார் 1.8 கோடிப் பேர். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை நடத்துகிறது. ஐ.ஐ.டி.யில் இருப்பவருக்குக் கிடைத்துவந்த இதழ், ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியில் இருப்பவருக்கும் கிடைக்கிறது என்பது சிறிய மாற்றம் அல்ல. மனதார வரவேற்க வேண்டியது. ஆனால் இதழ் விலையால் நூலகங்களுக்கு வந்த நெருக்கடி இதோடு தீர்ந்தது என்று நம்பினால் ஏமாந்துபோவோம். பணம் கட்டுபவர் மாறியிருக்கிறார். விலை சொல்பவர் மாறவில்லை. சேர்ந்து வாங்குவதால் மட்டும் விலை இறங்கிவிடாது. வேண்டாம் என்று சொல்லி எழுந்துவரும் துணிவும், எழுந்துவந்த பிறகு சமாளிப்பதற்கான ஏற்பாடும் வாங்குபவரிடம் இருந்தால்தான் இறங்கும். இந்த மூன்று ஆண்டுகளை அந்த ஏற்பாட்டுக்குச் செலவிடாவிட்டால், நான்காம் ஆண்டில் இன்னும் பெரிய தொகையைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில்தான் நிற்போம்.

அச்சு இதழ்களின் காலத்தில் நூலகம் காசு கொடுத்து வாங்கிய இதழ் நூலகத்துக்கே சொந்தம். அடுத்த ஆண்டு சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதிகள் பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் இருக்கும். நாற்பது ஆண்டுகள் கழித்து வருபவரும் எடுத்துப் படிக்கலாம். 1990களின் பிற்பகுதியில் இதழ்கள் இணையத்துக்கு நகர்ந்தபோது இந்த உறவே மாறிப்போனது. இப்போது நூலகம் வாங்குவது இதழை அல்ல. பதிப்பகத்தின் கணினியில் இருக்கும் இதழைப் பார்ப்பதற்கான அனுமதியை. வாடகை வீட்டைப் போலத்தான்: எத்தனை ஆண்டு கொடுத்திருந்தாலும், கொடுப்பதை நிறுத்தினால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களையாவது எப்போதும் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய நூலகங்கள் தப்பித்தன. வாங்காதவை பின்னால் வருந்தின. அதே காலத்தில்தான் நூலகர்கள் ‘பிக் டீல்’ என்று அழைக்கும் மொத்தக் கட்டும் வந்தது. நாற்பது இதழ்கள் வேண்டும் என்று கேட்கும் நூலகத்துக்குப் பதிப்பகம் தன்னிடம் உள்ள ஆயிரத்துச் சொச்சம் இதழ்களையும் சேர்த்துக் கட்டாகத் தரும். விலை, அந்த நூலகம் அதுவரை கட்டிவந்ததைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். முதல் சில ஆண்டுகள் இது கொள்ளை மலிவாகத் தெரிந்தது. பிறகுதான் பிடி புரிந்தது. கட்டிலிருந்து தேவையற்றதைக் கழிக்க முடியாது; கட்டையே விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் தனித்தனியாக வாங்கப் போனால் ஏறத்தாழ அதே தொகை வந்து நிற்கும். நிதி போதாதபோது நூலகர் கைவைக்கக்கூடியது கட்டுக்கு வெளியே இருப்பவற்றில்தான். சிறு பதிப்பகங்களின் இதழ்கள், அறிஞர் சங்கங்கள் நடத்தும் இதழ்கள், கடைசியில் புத்தகங்கள். வரலாறு, மொழியியல், இலக்கியம் போன்ற துறைகள் புத்தகத்தையே நம்பி இருப்பவை. வேதியியல் இதழின் விலையேற்றத்துக்கு அவை பலியாயின.

விலை ஏறினால் வாங்குபவர் வேறு கடைக்குப் போவார் என்பது சந்தையின் பொது விதி. இங்கே வேறு கடை கிடையாது. ஓர் இதழில் வந்த கட்டுரைக்கு மாற்றாக இன்னோர் இதழின் கட்டுரையைப் படித்துவிட முடியாது. புற்றுநோய் மருந்தொன்றின் பரிசோதனை முடிவு எங்கே வெளியானதோ அங்கேதான் இருக்கும். படிக்கும் ஆய்வாளருக்கு விலை தெரியாது. விலை கட்டும் நூலகர் எதைப் படிப்பது என்று முடிவு செய்பவர் அல்ல. இதைவிடப் பெரிய முரண், சரக்கை உருவாக்குபவர்கள் யார் என்பதில் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் பேராசிரியர், வரிப்பணத்தில் இயங்கும் ஆய்வகத்தில் செய்த ஆய்வை எழுதி இதழுக்கு இலவசமாகத் தருகிறார். பதிப்புரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அது தேறுமா என்று வேறிரு பேராசிரியர்கள் ஊதியமின்றி மதிப்பிடுகிறார்கள். பிறகு அந்தக் கட்டுரையை அவருடைய பல்கலைக்கழக நூலகமே விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறது. 2015இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பின்படி, 2013ஆம் ஆண்டு உலகில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஐந்து பெரும் பதிப்பகங்களின் கையில் இருந்தன; சமூக அறிவியலில் இது 70 சதவீதம். அவற்றுள் ஒன்றான எல்சேவியரை நடத்தும் ரெலெக்ஸ் குழுமத்தின் அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவப் பிரிவு 2023இல் ஈட்டிய வருவாய் 300 கோடி பவுண்டுக்கு மேல். அதில் செயல்பாட்டு லாபம் சுமார் 38 சதவீதம்.

இந்திய நூலகங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. சந்தா ரசீது டாலரிலோ யூரோவிலோ வருகிறது. 2011இன் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். 2025இல் 85 ரூபாய்க்கு மேல். பதிப்பகம் ஒரு சென்ட்கூட ஏற்றாமல் இருந்தாலும், நம் நூலகம் கட்ட வேண்டிய தொகை இந்தப் பதினான்கு ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரட்டித்திருக்கும். பதிப்பகம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றியது என்று வைத்துக்கொண்டால், 2011இல் 1 லட்சம் ரூபாய்க்கு வந்த இதழ் 2025இல் ஏறத்தாழ 3.75 லட்சம். எந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலக நிதி இந்த வேகத்தில் வளர்ந்தது? பணக்காரப் பல்கலைக்கழகங்களாலேயே தாங்க முடியவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2012 ஏப்ரலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஆலோசனைக் குழு தன் ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சில பெரும் பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலர் போகிறது; இரண்டு பதிப்பகங்களின் இணைய விலை ஆறு ஆண்டுகளில் சுமார் 145 சதவீதம் ஏறியிருக்கிறது; இனியும் இப்படியே தொடர முடியாது என்பது அதன் சாரம்.

சேர்ந்து நின்று மறுத்தவர்கள் என்ன பெற்றார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஸ்வீடனின் நூலகக் கூட்டமைப்பு 2018 நடுவில் எல்சேவியர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ஒன்றரை ஆண்டுக்குள், 2019 நவம்பரில், தன் நாட்டு ஆய்வாளர்களின் கட்டுரைகளை உலகில் எவரும் இலவசமாகப் படிக்கும் ஏற்பாட்டோடு புது ஒப்பந்தம் வந்தது. ஜெர்மனியில் சுமார் 200 நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டன. 2018 கோடையில் எல்சேவியர் புதிய கட்டுரைகளுக்கான வழியை அடைத்தது. ஐந்து ஆண்டு அப்படியே இருந்தார்கள். இதற்கிடையே வைலி பதிப்பகம் 2019இலும், ஸ்பிரிங்கர் நேச்சர் அடுத்த ஆண்டிலும் நாட்டளவிலான உடன்பாட்டுக்கு வந்தன. 2023 செப்டம்பரில் எல்சேவியரும் வந்தது. ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கட்டிக்கொண்டிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்தது. 2021 மார்ச்சில் தன் ஆசிரியர்களின் கட்டுரைகள் திறந்த வெளியீடாக வரும் உடன்பாட்டோடு திரும்பியது. இவற்றைவிட நமக்குப் பாடமாக இருப்பது நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு செய்தது. அது 2020இல் மொத்தக் கட்டை விட்டுவிட்டு, எந்த இதழ் உண்மையில் எவ்வளவு படிக்கப்படுகிறது, எந்தக் கட்டுரை வேறெங்கோ இலவசமாகக் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்து, 248 இதழ்களை மட்டும் வாங்கியது. ஆண்டுக்கு 50 முதல் 70 லட்சம் டாலர் வரை மிச்சமாகும் என்று கணக்கிட்டது.

அவையெல்லாம் வசதி படைத்த நாடுகள். நம் மாணவருக்கு இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது, அதை மூடும் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் கதவு இதுவரை மூடியே இருந்தது என்பது முழு உண்மை அல்ல. 2015 செப்டம்பர் முதல் 2016 பிப்ரவரி வரையிலான ஆறு மாதங்களின் பதிவுகளை ‘சயின்ஸ்’ இதழ் ஆராய்ந்தபோது, கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்திலிருந்து இந்தியாவில் இறக்கப்பட்ட கட்டுரைகள் 34 லட்சம்; சீனாவுக்கு அடுத்த இடம். எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகியவை 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில் 2025 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தளத்தை முடக்க உத்தரவிட்டது. அந்தத் தளம் சட்டப்படி சரியான வழியாக இருக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த 34 லட்சம், நம் நூலகங்கள் தர முடியாமல்போனதையும் காட்டுகிறது. அந்தத் தேவை உண்மையானது என்பதாலேயே, அதைப் பதிப்பகத்தின் தயவில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. இயற்பியலில் 1991இல் தொடங்கிய ஆர்க்சைவ் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம் இன்று கணிதத்துக்கும் இருக்கிறது. கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போதே அங்கும் வைத்துவிடுவது அத்துறைகளில் பழக்கமாகிவிட்டது. நாளை சந்தா நின்றால் மருத்துவ ஆய்வாளர் தவிப்பதைப் போல அவர்கள் தவிக்க மாட்டார்கள். எழுந்துவரும் துணிவு என்று சொன்னது வெறும் நெஞ்சுறுதியை அல்ல. இந்த மாதிரிக் களஞ்சியங்களை முன்கூட்டியே கட்டிவைப்பதைத்தான்.

விலையை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை இந்தத் தொழிலில் வெகுகாலமாக இருந்துவருகிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலர் தகவல் உரிமைச் சட்டங்களின் வழியாகப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கி 2014இல் ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2009இல் எல்சேவியரின் கட்டுக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 12.2 லட்சம் டாலர் கொடுத்தது. அளவில் அதற்கு இணையான மிச்சிகன் பல்கலைக்கழகம் 21.6 லட்சம் டாலர் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரியாத இடத்தில் பேரம் பேசுவது எப்படி? நம்முடைய திட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 கோடி ரூபாய் போகிறது. பயனாளர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்குச் சுமார் 1,100 ரூபாய். நிறுவனங்களால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 30 லட்சத்துக்கு மேல். கேட்கச் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அந்த 1.8 கோடியில் மிகப் பெரும்பான்மையோர் இளநிலைப் பட்ட மாணவர்கள். அவர்களுக்குப் பாடநூலும் தாய்மொழியில் நல்ல அறிமுக நூலும் தேவைப்படும் அளவுக்கு இந்த 13,000 இதழ்கள் தேவைப்படாது. தலைக்கு இவ்வளவு என்று சொல்லி ஆறுதல் அடைவதைவிட, எந்தப் பதிப்பகத்துக்கு எவ்வளவு, எந்த இதழ் எத்தனை முறை படிக்கப்பட்டது என்று இதழ்வாரியாக வெளியிடுவதே பயன் தரும். பயன்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிடம் தரப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு கோப்புக்குள் முடங்காமல் நூலகர்களின் கைக்கு வர வேண்டும். அதை வைத்து, நியூயார்க்கைப் போல, நம்முடைய 248 எவை என்று அவர்களால் சொல்ல முடியும்.

சந்தாவை ஒழித்துவிட்டுக் கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டால் எல்லோரும் இலவசமாகப் படிக்கலாமே என்று பதிப்பகங்களே இப்போது முன்வருகின்றன. இதில்தான் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். நேச்சர் இதழ் 2021இல் இந்த வசதியைத் தொடங்கியபோது ஒரு கட்டுரைக்குக் குறித்த விலை 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல். இன்று இளநிலை ஆய்வாளர் ஒருவரின் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அவருடைய ஏறத்தாழ இரண்டு ஆண்டுத் தொகை ஒரே கட்டுரைக்குப் போகும். ‘ஒரே சந்தா’ திட்டத்தோடு சேர்த்து இந்தக் கட்டணங்களுக்கு ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அரசு அறிவித்திருக்கிறது. சராசரி 2 லட்சம் ரூபாய் என்று வைத்தாலும் அது 7,500 கட்டுரைகளுக்குத்தான் வரும்; இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகளோ 2 லட்சத்துக்கு மேல். படிக்க முடியாத ஏழை நாடு எழுத முடியாத ஏழை நாடாக மாறுவது தீர்வாகாது. ஐரோப்பிய ஒப்பந்தங்களில் நாம் பின்பற்ற வேண்டியது அவர்கள் மறுத்த விதத்தை. கடைசியில் ஏற்றுக்கொண்ட கட்டண முறையை அல்ல.

பதிப்பகங்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது என் வாதம் அல்ல. மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடிப்பது, மொழியைச் செப்பனிடுவது, போலிப் படங்களைக் கண்டுபிடிப்பது, நூறாண்டு பழைய இதழ்களை எண்ணிம வடிவில் பாதுகாப்பது எல்லாம் உழைப்பும் செலவும் கோரும் வேலைகள். அந்தச் செலவு எவ்வளவு, அதற்கு மேல் வாங்குவது எவ்வளவு என்பதில்தான் தகராறு. 2023 ஏப்ரலில் ‘நியூரோஇமேஜ்’ இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் கட்டுரைக் கட்டணம் அநியாயம் என்று சொல்லிக் கூண்டோடு விலகி, எம்.ஐ.டி. பதிப்பகத்தோடு சேர்ந்து வேறு இதழ் தொடங்கினார்கள். பிரேசிலில் 1997இல் பொதுப்பணத்தில் தொடங்கிய சைஎலோ, லத்தீன் அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான இதழ்களை வாசகருக்கு இலவசமாகத் தருகிறது. நம்மிடமும் இதற்கு நெடிய மரபு உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி ‘பிரமாணா’ உள்ளிட்ட தன் இதழ்களை இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் முன்னின்று 2014இல் தொடங்கிய ஸ்கோப்3 ஏற்பாட்டில், நூலகங்கள் சந்தாவாகக் கட்டிவந்த பணமே திருப்பிவிடப்பட்டு, துகள் இயற்பியலின் முக்கிய இதழ்கள் உலகுக்கே திறக்கப்பட்டன. ஆண்டுக்கு 2,000 கோடியில் ஐந்து சதவீதம் என்றால் 100 கோடி. அதை நம் நல்ல இதழ்களுக்கு முழுநேர ஆசிரியர்களையும் மொழியைச் செப்பனிடுபவர்களையும் தொழில்நுட்பத்தையும் தருவதற்குச் செலவிட்டால் பத்து ஆண்டுகளில் பேர மேசையின் நிலையே வேறாக இருக்கும்.

இந்திய இதழ்களுக்குத் தரமில்லை, அதனால்தான் நல்ல கட்டுரை வெளியே போகிறது என்ற மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் இங்கே பெருகியது உண்மை. ஆனால் அவற்றைப் பெருக்கியது எது? பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்ட விதிகள்தான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு நீக்கியது நல்ல தொடக்கம். நல்ல கட்டுரை வெளியே போவதற்கும் அரசே காரணமாக இருக்கிறது. கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்தும் தேசியத் தரவரிசை, கட்டுரைகளை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களிலிருந்து எண்ணுகிறது. ஸ்கோபஸ் எல்சேவியருக்குச் சொந்தமானது. விற்பவரின் தராசில் நம் பல்கலைக்கழகங்களை நிறுத்திப் பார்த்துவிட்டு, அவரிடமே போய் விலையைக் குறைக்கச் சொன்னால் எடுபடுமா? கட்டுரையைப் படித்து மதிப்பிடும் குழுக்களுக்குத் திரும்பாமல் இந்தப் பிடி தளராது. இது நூலகரின் கையில் இல்லை. துணைவேந்தர்களும் அமைச்சகமும் செய்ய வேண்டிய வேலை.

சட்டத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் அதிகமில்லை. ஜெர்மனி தன் பதிப்புரிமைச் சட்டத்தில் 2014 முதல் நடப்பில் உள்ள ஒரு பிரிவைச் சேர்த்தது. பாதிக்குக் குறையாமல் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வென்றால், கட்டுரை வெளியாகி 12 மாதங்களுக்குப் பிறகு, மதிப்பீட்டில் தேறிய கைப்பிரதியைக் கட்டுரையாளர் வணிக நோக்கமின்றி இணையத்தில் வெளியிடலாம். பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் இந்த உரிமையைப் பறிக்காது. இந்தியாவிலும் அதே 2014இன் இறுதியில் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தாங்கள் நிதி தந்த ஆய்வுகளைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லிக் கொள்கை வெளியிட்டன. கொள்கை இருந்தது, கட்டுரையாளரைப் பாதுகாக்கும் சட்டம் இல்லை, கேட்டு வாங்கும் ஆளும் இல்லை. ஆனால் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ தளத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியபோது லட்சக்கணக்கான ஆய்வேடுகள் வந்துசேர்ந்ததைப் பார்த்திருக்கிறோம். கல்விக்குப் பதிப்புரிமையில் தனியிடம் உண்டு என்பதும் நம் சட்டத்துக்குப் புதிதல்ல. தில்லிப் பல்கலைக்கழகத்துப் பாடத் தொகுப்பு நகல் வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஜெர்மனியினதைப் போன்ற ஒரே ஒரு பிரிவு போதும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியான அக்கறை இருக்க வேண்டும். ‘ஒரே சந்தா’வின் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. இங்கே பொறியியல் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். நாட்டின் பெயரால் கட்டிய சந்தா அவர்களுக்குப் பொருந்தாது. லாபத்துக்கு நடக்கும் கல்லூரிக்கு வரிப்பணத்தில் ஏன் வாங்கித் தர வேண்டும் என்ற கேள்வியின் நியாயத்தை நானும் உணர்கிறேன். ஆனால் தண்டனை போய்ச் சேர்வது நிர்வாகத்துக்கு அல்ல; கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு. கல்லூரிக்குத் தர வேண்டாம், வாசகருக்குத் தரலாம். நூலகத்துக்குள் நேரில் வரும் எவரும் அங்குள்ள கணினியில் இதழ்களைப் படிக்கலாம் என்ற உரிமை உலகின் பல நூலக ஒப்பந்தங்களில் வழக்கமாக உள்ளது. அடுத்த ஒப்பந்தத்தில் அதைப் பொது நூலகங்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் கணினிகளோடும் இருக்கைகளோடும் காலை முதல் திறந்திருக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே ஆய்வு செய்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சிறுதொழில் நடத்தும் பொறியாளர், கிராமத்து மருத்துவர் என்று எந்த நிறுவனப் பட்டியலிலும் இல்லாதவர்களுக்கும் அந்த இருக்கைகள் போதும். தமிழ்நாடு அரசின் பொது நூலக இயக்ககமும் உயர்கல்வித் துறையும் இந்தக் கோரிக்கையை இன்ஃப்ளிப்நெட்டுக்கு எழுத்தில் அனுப்ப 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்கான நிபந்தனைகள் அதற்கு வெகு முன்பே எழுதப்பட்டுவிடும்.